முகத்துவாரத்தை வெட்டினால் வெள்ளம் தீராது

மட்டக்களப்பில் மாரிமழை மூன்று நாள் விடாமல் அடித்தால் நான்காம் நாள் ஒரே குரல்தான் கேட்கும்: முகத்துவாரத்தை வெட்டுங்கள். கச்சேரியில் அவசரக் கூட்டம் கூடும். ஒரு பக்கம் விவசாய அமைப்புகள், மறுபக்கம் மீனவர் சங்கங்கள், நடுவில் அரசாங்க அதிபர். பிறகு பாலமீன்மடுவில் வாவியின் வாயை அடைத்திருக்கும் மணல்திட்டைப் பெக்கோ இயந்திரம் அறுக்கும் படம் பத்திரிகையில் வரும். வெள்ளம் வடிந்ததும் அடுத்த மாரிவரை எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

இந்தக் கோரிக்கைக்குப் பின்னால் ஒரு முழுக் கொள்கை இருக்கிறது. அதை அதன் ஆதரவாளர்கள் சொல்வதுபோலவே சொல்லிவிடுகிறேன். மழை மேற்கே மலைச்சரிவிலும் காட்டிலும் பெய்கிறது. நீர் முந்தனையாறு, உன்னிச்சை, நவகிரி, பட்டிப்பளை ஆறு வழியாக இறங்குகிறது. மட்டக்களப்பு வாவியில் தேங்குகிறது. கடலுக்குப் போக வழியில்லாமல் வயலில் ஏறுகிறது. ஆகவே மேலே அணை கட்டி நீரைப் பிடிக்கவேண்டும், நடுவே கரையை உயர்த்தி ஆற்றை ஆற்றுக்குள் வைக்கவேண்டும், கீழே வாயைத் திறந்து மிச்சத்தைக் கடலுக்குத் தள்ளவேண்டும். சூழல் பற்றிக் கேட்பவர்களுக்காக ஓரத்தில் கொஞ்சம் மரமும் நடலாம்.

இப்படிச் சொல்கிறவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் விவசாயி நகையை அடகு வைத்து விதைத்திருக்கிறார். பயிர் ஒரு வாரம் நீருக்குள் கிடந்தால் அழுகிப்போகும். அவர் கேட்பது ஒன்றுதான்: தண்ணீர் எப்போது இறங்கும்? கேள்வி நியாயமானது. அவருக்குத் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கப்படும் பதில்தான் பிழை.

1. முதலில் கணக்கே உதைக்கிறது.

வாவியின் பரப்பு ஏறத்தாழ 140 சதுர கிலோமீற்றர். அதற்குள் வடியும் நிலத்தில் ஆயிரம் சதுர கிலோமீற்றரை மட்டும் எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரே நாளில் 200 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. பாதி ஊறிப் பாதி ஓடிவந்தால் 10 கோடி கனமீற்றர். வாவி முழுவதும் பரப்பினால் மட்டம் 70 சென்ரிமீற்றர் உயரும். இனி வெளியேற்றத்தைப் பார்ப்போம். முகத்துவாரம் 200 மீற்றர் அகலம், 2 மீற்றர் ஆழம், நீரோட்டம் வினாடிக்கு ஒரு மீற்றர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு முழு நாளில் வெளியேறுவது மூன்றரைக் கோடி கனமீற்றருக்குச் சற்றுக் குறைவு. வாவி இறங்குவது 25 சென்ரிமீற்றர். மழை அன்றே நின்று, ஒரு துளி புதிதாக வராமல் இருந்தாலும், மூன்று நாள் ஆகும்.

மாரியில் மழை அப்படி ஒரு நாளோடு நிற்பதில்லை. மட்டக்களப்புக்கு ஆண்டில் கிடைக்கும் ஏறக்குறைய 1,650 மில்லிமீற்றரில் பாதிக்கும் மேல் நவம்பர் தொடங்கி ஜனவரிக்குள் கொட்டிவிடுகிறது. 2011 ஜனவரியில் நாடு முழுவதும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பாதித்த வெள்ளம் இந்த மாவட்டத்தைத்தான் மிக மோசமாக அடித்தது. பெப்ரவரியில் இன்னொரு வெள்ளம் வந்தது.

இதே கணக்கை மேலிருந்து போட்டுப் பாருங்கள். வாவிக்கு வரும் வழியில் 50 சதுர கிலோமீற்றர் தாழ்நிலம் அரை மீற்றர் நீரைச் சில நாள் தாங்கினால் இரண்டரைக் கோடி கனமீற்றர் வாவிக்கு உடனே வராது. முகத்துவாரம் ஒரு நாள் முழுக்கத் தள்ளுவதில் ஏறத்தாழ முக்கால் பங்கு அது. என்னுடையது முரட்டுக் கணக்கு. பொறியியலாளர்கள் எண்களைத் திருத்தட்டும், திசை மாறாது. வெள்ளத்தின் உச்சத்தைக் குறைக்கும் இடம் வாவிக்கு மேலே இருக்கிறது. நாமோ ஒவ்வொரு ஆண்டும் வாவியின் கடைவாயில் நின்று சண்டை போடுகிறோம்.

2. "அப்படியானால் மழைக்கு முன்பே வெட்டிவிடுங்கள்" என்பார்கள். அது இன்னும் மோசம்.

கிழக்குக் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரும் இல்லை. வாவி மட்டத்துக்கும் கடல் மட்டத்துக்கும் உள்ள வேறுபாடுதான் நீரை வெளியே தள்ளும் விசை. வாவி நிறைந்து நிற்கும்போது வாய் திறந்தால் ஓட்டமே மணலை அரித்து வழியை அகலமாக்கிக்கொள்ளும். மட்டம் தாழ்ந்திருக்கும்போது திறந்தால் மெலிந்த ஓடை ஒன்று ஓடும். வாடைக்கடலின் அலை கரையோர மணலைக் கொண்டுவந்து அதை மறுபடி அடைக்கும். பெருமழை வரும் நாளில் வாய் மூடித்தான் கிடக்கும், வெட்டிய செலவு மட்டும் மிஞ்சும். புயல் வந்தாலோ கடலே உயர்ந்து நிற்கும். அப்போது வாய் திறந்திருந்தாலும் பயன் குறைவு.

மீனவர்களின் எதிர்ப்பைச் சுயநலம் என்று எழுதுகிறவர்கள் வாவியின் வேலையை அறியாதவர்கள். இறால் குஞ்சு கடலிலிருந்து உள்ளே வருகிறது, உவர்நீரில் வளர்கிறது, பிறகு கடலுக்குத் திரும்புகிறது. ஆகவே வாய் திறக்கவே கூடாது என்று எந்த வாவி மீனவரும் சொல்வதில்லை. காலம் தப்பித் திறப்பதைத்தான் எதிர்க்கிறார்கள். வளராத இறால் நீரோடு வெளியே போனால் அந்த ஆண்டு வீச்சுவலைக்காரருக்கு வருமானமில்லை. விவசாயிக்கு நட்டஈட்டுப் பத்திரமாவது வருகிறது. வீச்சுவலைக்காரரின் இழப்பைக் கணக்கெடுக்க யார் வருகிறார்கள்?

ஒடிசாவின் சிலிக்கா ஏரியை இதற்கு எதிராகக் காட்டுவார்கள். 2000 செப்டெம்பரில் அங்கே புதிய வாய் வெட்டினார்கள், மீன்பிடி பலமடங்கு பெருகியது. உண்மைதான். ஆனால் சிலிக்காவின் நோய் வேறு. மண் படிந்து, உப்புக் குறைந்து, களை மண்டிய ஏரி அது. நீரோட்டத்தை ஆய்வு செய்து இடம் தேர்ந்தார்கள், கூடவே நீரேந்து பகுதியிலும் வேலை செய்தார்கள். அவசரக் கூட்டம் முடித்து மறுநாள் காலை வெட்டிய வாயல்ல அது.

3. தண்ணீர் முகத்துவாரத்தை எப்படி வந்தடைகிறது என்று எந்தக் கூட்டத்திலாவது கேட்டிருக்கிறார்களா?

மண்டூரில் நிற்கும் வெள்ளம் பாலமீன்மடுவுக்கு வர வாவியில் பல கிலோமீற்றர் போகவேண்டும். வழியில் பட்டிருப்பிலும் மண்முனையிலும் வாவிக்குள் மண் நிரப்பி வீதியை நீட்டி, எஞ்சிய இடைவெளிக்குத்தான் பாலம் போட்டிருக்கிறோம். மண்முனைப் பாலம் 2014இல் திறந்தபோது படுவான்கரை மக்களுக்குக் கிடைத்த விடிவை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஓடத்துக்காகக் காத்துக் கிடந்து வைத்தியசாலைக்குப் போன காலம் அவர்களுக்குத் தெரியும். பாலம் வேண்டும். ஆனால் பாலத்தோடு எத்தனை நீர்வழி விட்டோம் என்பது வேறு கேள்வி, அது பாலம் திறந்தவர்களின் உரையில் வரவில்லை.

தெற்கே கிட்டங்கித் தாம்போதி ஒவ்வொரு மாரியிலும் மூழ்குகிறது. கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் போக்குவரத்து நிற்கிறது. அங்கே ஓட்டத்தை அடைத்து நிற்பது ஆற்றுவாழை. அதற்கு உரமிடுவது மேலே வயல்களிலிருந்து ஆண்டு முழுவதும் வடிந்துவரும் பசளை கலந்த நன்னீர். வடக்கே கிரான்–புலிபாய்ந்தகல் வீதி மூழ்கினால் அப்பால் உள்ள ஊர்களுக்குப் படகுதான். 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியைக் கடந்து பாய்ந்த வெள்ளத்தில், உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரசாப் பிள்ளைகள் அடித்துச் செல்லப்பட்டார்கள். வெள்ளம் கடந்துபோகும் சமவெளிக்குக் குறுக்கே வீதி போகிறது. வீதி நீருக்கு வழி விடவில்லை என்றால் நீர் வீதியை வழியாக்கிக்கொள்ளும். பாலமீன்மடுவில் எவ்வளவு அகலமாக வெட்டினாலும் இந்த இடங்களில் நீர்வழி ஒரு அங்குலம்கூட அகலாது.

கேரளத்தின் குட்டநாடு இந்தப் பாடத்தை நமக்கு முன்பே படித்துவிட்டது. வயல் வெள்ளத்தைக் கடலுக்குத் தள்ள 1955இல் தோட்டப்பள்ளியில் வெளியேற்று மதகு கட்டினார்கள். வடிவமைத்த அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரைத்தான் அதால் வெளியேற்ற முடிந்தது. மதகு வரை நீரைக் கொண்டுவரும் வாய்க்கால் போதாது, எதிரே கடல்மணல் மூடிக்கொள்கிறது. 2018இல் குட்டநாடு மூழ்கியபோது அந்த மதகு அங்கேதான் இருந்தது.

4. அணை வெள்ளத்தைத் தடுக்கும் என்பது பாதி உண்மை. காலியாக இருக்கும் அணைதான் தடுக்கும்.

நமது குளங்கள் பாசனத்துக்காகக் கட்டியவை. சிறுபோகத்துக்கு நீர் வேண்டுமென்றால் மாரி முடிவில் குளம் நிறைந்திருக்கவேண்டும். எனவே நவம்பர் மழையிலேயே நிரப்பத் தொடங்குகிறார்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் பெருமழை வரும்போது குளத்தில் இடமில்லை. "உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறப்பு" என்ற தலைப்பைப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் அச்சிடுவது இதனால்தான். நிறைந்த குளத்துக்குள் வரும் ஒவ்வொரு கனமீற்றரும் அப்படியே வெளியே போகும். கீழே இருப்பவருக்கு அந்தக் குளம் இருந்தும் இல்லாததும் ஒன்று. இரவில் கதவு திறந்தால் இல்லாததைவிட மோசம்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும், நம்மவர் சிலருக்குக் கோபம் வரலாம். "வேண்டுமென்றே திறந்துவிட்டு எங்களை மூழ்கடிக்கிறார்கள்" என்ற பேச்சு தமிழ், முஸ்லிம் ஊர்களில் சாதாரணம். பட்டிப்பளை ஆற்றை மறித்த கல்லோயாத் திட்டத்தின் குடியேற்ற வரலாறும் அங்கே 1956இல் தமிழர்மேல் நடந்த வன்முறையும் தெரிந்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். ஆனால் வான்மட்டம் தாண்டிய குளத்தில் கதவைத் திறக்காவிட்டால் கட்டு உடையும், அப்போது சாவு பலமடங்காகும். திறந்தவர் மேல் பழி போடும்வரை, ஏன் அக்டோபரிலிருந்தே வெள்ளத்துக்கென்று இடம் ஒதுக்கி வைக்கவில்லை என்ற கேள்வியை நாம் கேட்கவே மாட்டோம். சதி என்று சொல்லிவிட்டால் விதிமுறை கேட்கும் வேலை மிச்சமாகிவிடுகிறது.

அதே கல்லோயாத் திட்டத்தில் இங்கினியாகலையில் கட்டிய சேனநாயக்க சமுத்திரம் ஏறத்தாழ 95 கோடி கனமீற்றர் கொள்ளும். முதலாம் பகுதியில் போட்ட கணக்கின் பேய்மழையைப்போல் ஒன்பது மழையைத் தாங்கும் அளவு அது. அது கட்டி முடிந்து சில ஆண்டுகளுக்குள், 1957 டிசம்பரில், கிழக்கு மூழ்கியது. அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை மூழ்கிவிட்டது. இப்போது கித்துள், உறுகாமம் குளங்களை இணைத்துப் பெரிதாக்கும் திட்டம் பேசப்படுகிறது. பாசனத்துக்கு அது உதவலாம், நான் அதை எதிர்க்கவில்லை. வெள்ளத் தடுப்பு என்ற பெயரில் விற்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். எத்தனை மாதம், எத்தனை அடி காலியாக வைப்பீர்கள் என்று எழுத்தில் தராத அணை வெள்ளத் தடுப்பு அணை ஆகாது.

5. கரையை உயர்த்துவது வெள்ளத்தைக் குறைப்பதில்லை, அயலானுக்கு அனுப்புகிறது.

எதிர்க்கரைக்கு அல்லது கீழ்வட்டைக்கு. அவர்களும் உயர்த்துவார்கள். ஆறு ஒடுங்கி வேகம் கொள்ளும், ஒரு நாள் எங்காவது உடைக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மாவிலாற்றுக் கட்டு உடைந்து மூதூர், வெருகல் பக்கம் மக்கள் ஓடினார்கள். (2006இல் எந்த மதகை மூடியதால் போர் மீண்டும் மூண்டதோ அதே மாவிலாறு.) முந்தனையாற்றில் இன்னொரு வேடிக்கை நடக்கிறது. மேலே கரையை உயர்த்த மண் கொட்டுகிறோம். அதே ஆற்றின் மணலை அனுமதிப்பத்திரத்தோடும் அது இல்லாமலும் லொறி லொறியாக ஏற்றுகிறோம். அடி தாழ்ந்த ஆற்றில் கரை இடிந்து விழாமல் என்ன செய்யும்?

6. மரம் நட்டால் மறுசீரமைப்பு ஆகிவிடாது.

சூழல் ஆர்வலர்களுக்கும் இந்தக் கட்டுரையில் பங்கு உண்டு. இலங்கையின் கண்டல் நடுகைகளைப் பற்றி 2017இல் ஓர் ஆய்வு வந்தது. 23 இடங்கள், ஆயிரம் ஹெக்டேயருக்கு மேல் நட்டது, தேறியது சுமார் 200 ஹெக்டேயர். ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. சுனாமிக்குப் பிந்திய உதவிப் பணம் சேற்றில் போன கதை அது. எந்த மட்டத்தில் எந்த மரம் நிற்கும், நீர் எவ்வளவு நேரம் மூடி நிற்கும், உப்பு எவ்வளவு என்று பார்க்காமல் கண்டல் விதையைச் சேற்றில் குத்திவிட்டுப் படமெடுத்தார்கள். வாவியோரத்தில் கண்டலுக்கு ஓர் இடம், தில்லைக்கு ஓர் இடம், நன்னீர் கலக்கும் முனையில் பன்னுக்கு ஓர் இடம். இந்த ஒழுங்கு நிலத்தின் உயரமும் நீரும் விதிப்பது. நிலத்தையும் நீர்வழியையும் சரிசெய்தால் பல இடங்களில் மரம் தானே வரும், நடவே தேவையில்லை.

மலையிலும் இதே தவறு. பட்டிப்பளை ஆறு பதுளை மாவட்டத்து மடுல்சீமை மலைகளில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டுக் காடழித்துத் தேயிலை வைத்தார்கள், பிறகு எஞ்சிய புல்வெளிகளில் பைனஸும் யூக்கலிப்டஸும் நட்டு அதற்குக் காடு என்று பெயரிட்டார்கள். டித்வாவில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் மலைநாட்டில், மண்சரிவில். செங்குத்தான சரிவில் லயத்துக்குள் வைக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியும் தாழ்வயலில் கடன்பட்ட படுவான்கரை விவசாயியும் ஒரே மழையின் இரு முனைகளில் நிற்கிறார்கள். ஒருவரின் சரிவைப் பாதுகாக்காமல் மற்றவரின் வயலைக் காக்கமுடியாது.

7. "எல்லாம் சரி, நிலம் எங்கே, காசு எங்கே?" இதுதான் கடைசிக் கோட்டை. 

நிலம் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆற்றோர மருதமரத் தோப்பு, மாரியில் நீரும் கோடையில் புல்லுமாக மாறும் தரவை, வயலுக்கும் வாவிக்கும் இடையில் எதற்கும் உதவாதது என்று காணிப்பதிவில் ஒதுக்கிய சதுப்பு, ஊருக்கு நடுவே ஓடிய தோணா. இவைதான் நான் முதலில் கேட்ட 50 சதுர கிலோமீற்றர். நிலக்கிழார்களான போடியார் காலத்தில் தரவை மாட்டுக்கு உரியது, அங்கே யாரும் உழமாட்டார்கள். பிறகு முதலில் ஏழைகள் குடிசை போட்டார்கள், அடுத்து வசதியானவர்கள் மண் நிரப்பினார்கள், கடைசியில் திணைக்களங்களே கட்டிடம் எழுப்பின. வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையின் நெருக்கம் தெரிந்தவர்கள் முதலாமவர்களைக் குறைசொல்லமாட்டார்கள். இரண்டாமவரையும் மூன்றாமவரையும் சட்டம் தொடுவதில்லை.

மாதவனை, மயிலத்தமடு மேய்ச்சல்தரை உழப்படுவதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அதை எல்லாரும் காணிப் பிரச்சினையாக, இனப் பிரச்சினையாக எழுதினார்கள். அது அதுவும்தான். ஆனால் ஆற்றுப்படுகையின் மேற்பகுதியில் புல்லும் பற்றைக்காடும் நின்ற தரையை உழுதால் மழைநீர் இறங்கும் வேகம் கூடும், மண்ணும் சேர்ந்து வரும். மாட்டுக்காரரின் போராட்டம் கீழே இருக்கும் நெல்விவசாயிக்காகவும் நடந்தது என்று ஒரு விவசாய அமைப்பாவது சொல்லியிருக்கலாம்.

ஆற்றுக்கு இடம் விடுவது பணக்கார நாட்டின் ஆடம்பரம் என்பார்கள். நெதர்லாந்து 2006இலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் கரையைப் பின்னுக்குத் தள்ளியது. நைமேகன் நகரில் மட்டும் 350 மீற்றர். பணமிருந்தது, செய்தார்கள். நமக்கு அவ்வளவு தேவையில்லை, ஏனென்றால் அவர்கள் இழந்துவிட்டுத் திரும்ப வாங்கினார்கள், நாம் இன்னும் முழுதாக இழக்கவில்லை. பொலன்னறுவையில் மகாவலியின் வெள்ளச் சமவெளியை 1984இல் தேசியப் பூங்காவாக அறிவித்த நாடு இது. வெள்ளம் வந்து நிற்கும் நிலமும் ஒரு பொதுச்சொத்து என்று அன்றைக்கே சட்டத்தில் எழுதத் தெரிந்திருந்தது.

தாழ்வயலை விடச் சொல்கிறீர்களா என்று கேட்டால், ஆம், சிலவற்றை. மூன்று ஆண்டில் இரண்டு ஆண்டு அழியும் வயலுக்கு நட்டஈடு கொடுத்துக்கொண்டே இருப்பதைவிட, அந்த உரித்தாளருக்கு மேட்டில் மாற்றுக்காணி கொடுத்து, பழைய நிலத்தில் பன்னும் புல்லும் மீனும் அவரே எடுக்கும் உரிமையை வைப்பது மலிவு. காணி அவருடையதாகவே இருக்கட்டும், பயிர் மாறட்டும். பறித்தெடுக்கும் திட்டத்தை எதிர்க்க நானும் வருவேன். கிழக்கில் பாதுகாப்பு என்றும் வனம் என்றும் தொல்லியல் என்றும் சொல்லி நிலம் போன கதை போதும்.

இத்தனைக்கும் பெருஞ்செலவு இல்லாதவையே முதலில் செய்யவேண்டியவை. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிடம் நான் கேட்பது இதுதான். கல்லடி, பட்டிருப்பு, கிட்டங்கி ஆகிய இடங்களில் வாவி மட்டத்தை நாள்தோறும் அளந்து மக்களுக்கு வெளியிடுங்கள். எந்த மட்டத்தில் முகத்துவாரம் திறக்கும், எந்த மட்டத்துக்குக் கீழே எவர் கேட்டாலும் திறக்காது என்பதை விவசாயியும் மீனவரும் உட்கார்ந்து மழைக்கு முன்பே எழுதிக் கையெழுத்திடட்டும். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் குளங்களில் டிசம்பர் வரை எத்தனை அடி காலியாக இருக்கும் என்பதை நீர்ப்பாசனத் திணைக்களம் சிறுபோகக் கூட்டத்தில் அறிவிக்கட்டும். அதனால் சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் குறையும் என்பதையும் மறைக்காமல் சொல்லட்டும். தாம்போதிகளில் நீர்வழி கூட்டும்வரை தரவையிலும் தோணாவிலும் புதிதாக மண் நிரப்ப ஒரு பிரதேச செயலகமும் அனுமதி கொடுக்கக்கூடாது. இவற்றுக்கு வெளிநாட்டுக் கடன் வேண்டியதில்லை. அடுத்த மாரிக்கு முன் ஒரு கூட்டமும் சில கையெழுத்துகளும் போதும்.